மேடையை நாடாத பாடகி

பாடிப் புகழடைய வேண்டுமென்று பாடுபடுவோர் உலகில் மிகப் பலர். புகழும் பொருளும் தம் வாயிலிலே வந்து நின்றபோதும் அவற்றை அரைமனத்துடன் ஏற்று, பின்னர் ஒருநாள் அவற்றை அப்படியே விட்டுவிட்டு அமைதியான வாழ்வை நாடிச் சென்றவர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவரையே இவ்வாரம் நமது வாசகர்களுக்கு அறிமுகப்படுத்த விரும்புகின்றோம்.

அமெரிக்கக் கிராமங்களிலே பிறந்து, 'கண்ட்ரி' இசை என்னும் பெயரால் இன்று உலகெங்கும் ஒலிக்கும் நாட்டுப்புற இசைக்குத் தொடக்க காலத்தில் உருவந் தந்த குழுக்களுள் தலையாயது 'கார்ட்டர் குடும்பம்' ஆகும். அக்குழுவில் இருந்தோர் மூவரே. ஏ. பி. கார்ட்டர் என்பவர் ஒருவர். அவர் மனைவி சாரா மற்றொருவர். அவர் தம்பியின் மனைவி மேபெல் மூன்றாமவர். மேபெல், சாராவுக்கு ஒன்றுவிட்ட தங்கை முறையினருமாவார். இம்மூவருள் முதற்குரல் சாரா அம்மையாருடையது. அவரது கதை ஒரு பாடகியின் கதை மட்டுமன்று. பாட்டு ஒரு குடும்பத்தை எவ்வாறு சேர்த்தது, எவ்வாறு பிரித்தது, பிரிந்த பின்னரும் எவ்வாறு பிணைத்து வைத்தது என்பதைக் கூறும் கதையுமாகும்.

மலைக்கு அப்பால் கேட்ட பாட்டு

வேர்ஜீனியா மாநிலத்தின் தென்மேற்கு மூலையிலே கிளிஞ்ச் என்றொரு மலைத்தொடர் நீண்டு கிடக்கின்றது. அதன் ஒரு பக்கத்திலுள்ள நிலத்துக்கு 'ஏழைப் பள்ளத்தாக்கு' என்று பெயர். மறு பக்கத்தில் உள்ளதற்குச் 'செல்வப் பள்ளத்தாக்கு' என்று பெயர். மண்ணின் வளத்தை நோக்கி மக்கள் இட்ட பெயர்கள் அவை. செல்வப் பள்ளத்தாக்கின் பக்கமாயுள்ள கொப்பர் கிறீக் என்னும் ஓடைக்கரையிலே வளர்ந்தவர் சாரா. 1898ஆம் ஆண்டு யூலை 21ஆம் திகதி பிறந்த அவர், சிறு வயதிலேயே தாயை இழந்து, மாமன் மாமியரின் இல்லத்தில் வளர்ந்தார்.

அம்மலைநாட்டிலே அந்நாளில் வானொலி இல்லை. இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, அயர்லாந்து ஆகிய நாடுகளிலிருந்து குடியேறியோர் கொண்டுவந்த கதைப்பாடல்களும், தேவாலயப் பாடல்களும் தாய் வாயிலிருந்து மகள் வாய்க்கு வந்து வாழ்ந்தன. காதலில் ஏமாந்தவள், கடல் கடந்து போனவன், தாயற்ற பிள்ளை, புகைவண்டி விபத்தில் மாண்ட சாரதி என்றிவர்களே அப்பாடல்களின் நாயகர்கள். சாரா அவற்றைப் பாடியவாறே 'ஓட்டோஹார்ப்' என்னும் கருவியை மீட்டுவார். அகன்ற பலகைப் பெட்டியொன்றின்மேல் தந்திகள் நெருக்கமாய்க் கட்டப்பட்டிருக்க, குறுக்கேயுள்ள சட்டங்களுள் ஒன்றை இடக்கையால் அழுத்தினால், வேண்டாத தந்திகள் ஒலி அடங்கி, இசைந்த சுரங்கள் மட்டும் வலக்கை மீட்டுதலுக்கு ஒலிக்கும். எளிய வீட்டுப் பெண்களும் பழகக்கூடிய கருவி அது.

மலையின் மறுபுறத்திலே, ஏழைப் பள்ளத்தாக்கில் 1891இல் பிறந்தவர் ஏ. பி. கார்ட்டர். உயர்ந்து மெலிந்த மேனியர். பிறவியிலேயே கைகளில் ஒரு நடுக்கம். குரலிலும் அந்நடுக்கம் உண்டு. பழமரக் கன்றுகளை விற்பதற்காக அவர் மலையைக் கடந்து சென்றபோது, ஒரு வீட்டு வாயிலில் புகைவண்டி விபத்தைப் பற்றிய பாடலொன்றைச் சாரா பாடிக்கொண்டிருந்தாராம். அக்குரலைக் கேட்டு நின்றவர் நின்றவரே என்று குடும்பத்தார் கூறுவர். 1915ஆம் ஆண்டு யூன் 18ஆம் திகதி இருவருக்கும் திருமணம் நிகழ்ந்தது.

பிரிஸ்டல் நகரில் இரண்டு நாட்கள்

1927ஆம் ஆண்டின் கோடையில், விக்டர் இசைத்தட்டுக் கம்பனியின் சார்பில் றால்ப் பியர் என்பவர், நாட்டுப்புறப் பாடகரைத் தேடிப் பிரிஸ்டல் நகருக்கு வந்தார். வேர்ஜீனியா, டெனசி என்னும் இரு மாநிலங்களின் எல்லைக்கோடு அந்நகரின் பெருந்தெரு வழியே செல்கின்றது. தொப்பி வியாபாரக் கம்பனிக்கு உரிய கட்டடமொன்றிலே அவர் ஒலிப்பதிவுக் கூடம் அமைத்தார். ஒலிவாங்கி வழியாக மின்முறையில் ஒலியைப் பதிவு செய்யும் வழக்கம் வந்து அப்போது இரண்டாண்டுகளே ஆகியிருந்தன. முன்னைய முறையில் பாடகர் ஒரு பெரிய புனல் போன்ற குழாயினுள் உரத்துப் பாடவேண்டும். புதிய ஒலிவாங்கியோ இல்லத்திலே பாடும் இயல்பான குரலையும் வாங்கிக்கொள்ளும். இவ்வொரு மாற்றம் நிகழ்ந்திராவிடின் சாராவின் குரலை உலகம் கேட்டிருக்குமோ என்பது ஐயமே.

ஏ. பி. அங்கு செல்லத் துணிந்தார். சாராவுக்கு அதில் பெருவிருப்பம் இருந்ததில்லை. கைக்குழந்தைக்கு அப்போது சில மாதங்களே. மேபெல்லோ பதினெட்டு வயதுடைய நிறைகர்ப்பிணி. தம்பி எஸ்ராவின் மோட்டார்க் காரை இரவல் கேட்டபோது அவர் மறுத்தாராம். அவரது சோளத்தோட்டத்தில் களை பிடுங்கித் தருவதாக அண்ணன் வாக்களித்த பின்னரே இணங்கினாராம். வெயிலிலே ரயர்கள் மீண்டும் மீண்டும் காற்றிழக்க, ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு, கரடுமுரடான மலைப்பாதையால் அவர்கள் நகரை அடைந்தனர். பால் குடிக்கும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள எட்டு வயது மூத்த மகளும் உடன் சென்றாள்.

ஓகஸ்ட் 1ஆம் திகதி மாலையில் நான்கு பாடல்களும், மறுநாட் காலையில் இரண்டு பாடல்களும் பதிவாயின. பாட்டொன்றுக்கு 50 டொலர் கூலி. சாராவின் குரலைக் கேட்ட கணத்திலேயே தாம் தேடி வந்தது கிடைத்துவிட்டதை உணர்ந்ததாகப் பியர் பிற்காலத்தில் கூறினார். பெண் குரலாயினும் தாழ்ந்த சுருதியில் நிற்கும் குரல் அது. அலங்காரமோ குழைவோ இல்லை. அழுகையை வரவழைக்கும் முயற்சியும் இல்லை. துயரக் கதையைச் சொல்லும்போதும் கதைசொல்லி அழாமல் நின்று சொல்வதைப் போன்ற உறுதி அதிலே இருந்தது. கேட்பவரே அழுதனர்.

இரண்டாம் நாள் சாரா தனித்துப் பாடிய பாடல்களுள் ஒன்று, மணமாகாத பெண்ணின் கவலையற்ற வாழ்வையும், மணமானவளின் தொட்டிலையும் வறுமையையும் எதிரெதிரே நிறுத்திக் காட்டுவது. அதனைப் பாட அவர் விரும்பவில்லை. பியர் வற்புறுத்திய பின்னரே பாடினார். மனமின்றிப் பாடிய அப்பாட்டே ரசிகர்களிடையே பெருவரவேற்பைப் பெற்றது. அதே கூடத்திலே இரண்டு நாட்கள் கழித்து, ஓகஸ்ட் 4ஆம் திகதி, ஜிம்மி றொட்ஜர்ஸ் என்னும் மற்றொரு பாடகரும் தம் முதற் பாட்டைப் பதிவு செய்தார். இவ்விரு சாராரையும் உலகுக்குத் தந்தமையாலேயே பிரிஸ்டல் ஒலிப்பதிவு, கண்ட்ரி இசையின் பிறப்பு என்று போற்றப்படுகின்றது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2002இல் தொடங்கிய தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் முதல் ஆண்டிலேயே இடம்பெற்றவற்றுள் அஃதும் ஒன்று.

பாட்டுத் தேடிய கணவர், வீடு காத்த மனைவி

மறு ஆண்டு மே மாதத்தில் நியூ ஜேர்சியிலுள்ள காம்டன் நகருக்கு அழைக்கப்பெற்ற குழுவினர், பின்னாளில் தம் அடையாளமாகவே ஆகிவிட்ட 'கீப் ஒன் த சணி சைட்', 'வைல்ட்வூட் ஃபிளவர்' முதலிய பாடல்களைப் பதிவு செய்தனர். சாரா முதற்குரலில் பாடுவார், மேபெல் துணைக்குரல் கொடுத்தவாறே கிட்டாரை வாசிப்பார், ஏ. பி. தமக்கு மனம் வந்தபோது கீழ்ச்சுரத்தில் சேர்ந்துகொள்வார், வராதபோது யன்னலோரம் சென்று நிற்பார். மேபெல்லின் வாசிப்பு புதுமையானது. பெருவிரலால் தடித்த தந்திகளிலே பாட்டின் மெட்டை எழுப்பி, மற்ற விரலால் மெல்லிய தந்திகளிலே தாளத்தையும் காத்தார். ஒரு கிட்டார் இரண்டாகக் கேட்டது. அதற்குமுன் நாட்டுப்புறக் குழுக்களிலே பிடிலும் பாஞ்சோவும் முன்னின்றன. குரல் இடையிடையே வந்து போயிற்று. குரலை முன்னிறுத்திக் கருவியைப் பின்னிறுத்தியது கார்ட்டர் குடும்பமே. அக்குரலும் பெண் குரலாயிருந்தமை குறிப்பிடத்தக்கது.

ஆனால் இசைத்தட்டுக் கம்பனிக்குப் புதுப்பாடல்கள் ஓயாது வேண்டியிருந்தன. எவருக்கும் உரிமையில்லாத பழம்பாடலைத் தேடித் திருத்திப் பதிவு செய்தால், அதன் உரிமையில் வருமானமும் உண்டு. எனவே ஏ. பி. பாட்டு வேட்டைக்குப் புறப்பட்டார். மலைக் குடிசைகள், சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகள், தேவாலயங்கள் என்று வாரக்கணக்கில் அலைந்தார். அவருடன் சென்றவர் லெஸ்லி றிடில் என்னும் கறுப்பினக் கிட்டார் கலைஞர். விபத்தில் ஒரு காலை இழந்தவர். ஏ. பி. சொற்களைத் தாளில் எழுதுவார். றிடில் மெட்டை நெஞ்சிலே பதித்துக்கொண்டு வந்து சாராவுக்கும் மேபெல்லுக்கும் பாடிக் காட்டுவார். நிறபேதம் கொடிகட்டிப் பறந்த காலத்தில் இவ்விருவரும் ஒன்றாய் வழி நடந்தமை நினைவிற் கொள்ளத்தக்கது.

இதன் மறுபக்கத்தையும் நாம் காணவேண்டும். கணவர் பாட்டைத் தேடிச் சென்றிருக்க, மூன்று பிள்ளைகளையும், தோட்டத்தையும், விறகையும், அடுப்பையும் பார்த்தவர் சாரா. கணவர் கொண்டுவந்த துண்டுக் காகிதங்களிலுள்ள சொற்கள் பாட்டாக மாறியது அவர் வாயிலேதான். ஆயினும் பாடல்களின் உரிமையாளர் என்று தட்டுகளிலே அச்சான பெயர் ஏ. பி. கார்ட்டர் என்பது மட்டுமே. சாராவின் பெயர் அங்கு இல்லை. றிடிலின் பெயரும் இல்லை. ஏ. பி. தேடிச் சேர்த்திராவிடின் அப்பாடல்களிற் பல மலையோடு மறைந்திருக்கும் என்பது உண்மை. அத்தேட்டத்தின் விலையை வீட்டிலிருந்தவர்களே செலுத்தினர் என்பதும் அதேயளவு உண்மை.

1929இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சி இசைத்தட்டு வியாபாரத்தையும் வீழ்த்தியது. 1927இல் அமெரிக்காவில் 10 கோடிக்கு மேல் விற்ற தட்டுகள் 1932இல் ஏறக்குறைய 60 இலட்சமாய்க் குறைந்தன. குழுவினர் பள்ளிக்கூட மண்டபங்களிலே பாடினர். நுழைவுக் கட்டணம் 15 சதமும் 25 சதமும். நிகழ்ச்சி ஒழுக்கத்துக்கு ஏற்றது என்ற உறுதிமொழியும் விளம்பரத்திலே அச்சாகியிருக்கும்.

பிரிவும் பாட்டும்

ஒழுக்கமான குடும்பம் என்று விளம்பரம் பெற்ற அவ்வீட்டினுள்ளே விரிசல் வளர்ந்தது. தாம் இல்லாத வேளைகளிற் சாராவைக் காரில் அழைத்துச் செல்ல ஏ. பி. தம் உறவினரான கொய் பேய்ஸ் என்னும் இளைஞரை ஏற்படுத்தியிருந்தார். தனிமையிலிருந்த சாராவுக்கும் அவருக்கும் அன்பு மலர்ந்தது. செய்தி வெளிப்படவே, கொய்யின் குடும்பத்தார் 1933இல் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தனர். சாராவும் அவ்வாண்டிலேயே கணவரைப் பிரிந்து, மலைக்கு அப்பாலுள்ள தம் பழைய ஊருக்கு மீண்டார். பிள்ளைகள் ஏழைப் பள்ளத்தாக்கிலே தந்தையுடன் நின்றனர். 1936இல் மணவிலக்கும் ஆயிற்று.

இந்நிலையிலும் குழு கலையவில்லை. ஒலிப்பதிவைத் தொடரவேண்டுமென்று பியரும் அவர் மனைவியும் வேண்டினர். பிழைப்புக்கும் பணம் வேண்டியிருந்தது. மூவரும் சேர்ந்தே பாடினர். 1935இல் பதிவான, தாயின் பிரேத ஊர்வலத்தைப் பாடும் பாடல் அக்காலத்ததே. கேட்டவர்களுக்கு எவ்வித வேறுபாடும் தெரியவில்லை. யாரைக் குற்றஞ் சொல்வது என்று ஆராய நாம் முற்படவில்லை. வீட்டை மறந்து பாட்டைத் தேடியவரும், பாட்டை விடாது வீட்டை விட்டவரும், இருவருமே இழந்தவர்கள்தாம்.

எல்லைப்புற வானொலி

1938இல் அவர்களுக்கு ஓர் அழைப்பு வந்தது. டெக்சஸ் மாநிலத்து டெல் றியோ நகருக்கு எதிரே, மெக்சிக்கோவின் மண்ணிலே எக்ஸ்.ஈ.ஆர்.ஏ. என்றொரு வானொலி நிலையம் இருந்தது. அமெரிக்க நிலையங்களுக்கு 50,000 வாட்டே எல்லை. அச்சட்டம் செல்லாத மெக்சிக்கோவில் நின்று 500,000 வாட் வலுவுடன் முழங்கிய அந்நிலையம் வட அமெரிக்கா முழுவதிலும் கேட்டது. முட்கம்பி வேலிகளிலும் அதன் பாட்டுக் கேட்கும் என்று மக்கள் வேடிக்கையாகச் சொல்வர். பெரூனா என்னும் சத்துமருந்தையும், நரைக்குப் பூசும் சாயத்தையும் விற்ற சிக்காகோக் கம்பனியொன்று கார்ட்டர் குடும்பத்தை வாரச் சம்பளத்துக்கு அமர்த்தியது. ஒருவருக்கு வாரம் 75 டொலர். பஞ்ச காலத்தில் அது பெருந்தொகை. மணவிலக்குப் பெற்ற இருவரும் ஒரே ஒலிவாங்கியின் முன்னின்று நாள்தோறும் பாடினர். ஆர்க்கன்சஸ் மாநிலத்துப் பருத்திக் காட்டிலே அப்பாட்டுகளைக் கேட்டு வளர்ந்த சிறுவருள் ஒருவர் ஜோனி காஷ். பின்னாளில் பெரும் பாடகராகி, மேபெல்லின் மகள் யூனை 1968இல் மணந்தவர் அவரே.

அவ்வானொலி சாராவின் வாழ்வையும் மாற்றியது. 1939ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஒருநாள், கலிபோர்னியாவிலுள்ள கொய் பேய்ஸுக்கு என்று பெயர் சொல்லி, நீல விழியனை நினைந்து ஏங்கும் பாடலொன்றை அவர் பாடினார் என்று குடும்ப வரலாறு கூறும். ஆறாண்டுகளாய்க் காணாதிருந்தவர் அதனைக் கேட்டார். உடனே புறப்பட்டு டெக்சசை அடைந்தார். அம்மாதம் 20ஆம் திகதி இருவரும் மணம் புரிந்தனர். வாழ்நாள் முழுதும் பிறருடைய ஏக்கங்களையே பாடிவந்த குரல், ஒரு முறை தன் ஏக்கத்தைப் பாடியது. அப்பாட்டுக்கும் ஏ. பி. உடனிருந்தார் என்பதை எண்ணும்போது நம் நெஞ்சு கனக்கின்றது.

குழு கலைந்தபின்

1941இல் அவ்வானொலி மூடப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபரில் நியூயோர்க்கில் குழுவினர் தம் இறுதி ஒலிப்பதிவைச் செய்தனர். 'லைஃப்' சஞ்சிகை அவர்களைப் படம் பிடித்துச் சென்றது. ஆனால் டிசம்பர் 7ஆம் திகதி பேர்ள் துறைமுகம் தாக்கப்படவே, யுத்தச் செய்திகளிடையே அக்கட்டுரை வெளிவராமலே போயிற்று. வட கரோலினாவின் சார்லட் நகர வானொலியில் சிறிது காலம் பாடிய பின்னர், 1943இல் குழு கலைந்தது. பதினாறு ஆண்டுகளில் அவர்கள் பதிவு செய்த பாடல்கள் ஏறக்குறைய 300.

மேபெல் தம் புதல்வியர் மூவருடன் மேடை வாழ்வைத் தொடர்ந்தார். ஏ. பி. ஏழைப் பள்ளத்தாக்கிலே சிறு கடையொன்றை நடத்தினார். சாரா கணவருடன் கலிபோர்னியா சென்று, சாதாரண இல்லத்தரசியாய் வாழ்ந்தார். புகழை விட்டதற்காக அவர் வருந்தியதாகத் தெரியவில்லை. ஆயினும் 1952க்கும் 1956க்கும் இடையே, பழைய கணவருடனும், மக்களாகிய ஜானெட், ஜோ ஆகியோருடனும் சேர்ந்து சிறு கம்பனியொன்றுக்காக மீண்டும் பாடினார். 1960 நவம்பர் 7ஆம் திகதி ஏ. பி. காலமானார், புகழின் மறுமலர்ச்சியைக் காண அவர் இருக்கவில்லை.

அம்மறுமலர்ச்சி அதன்பின்னரே வந்தது. பழம்பாடல்களைத் தேடிய கல்லூரி மாணவர் தலைமுறையொன்று கார்ட்டர் குடும்பத்தின் தட்டுகளைக் கண்டெடுத்தது. 1967இல் நியூபோர்ட் நாட்டுப்பாடல் விழாவிலே சாராவும் மேபெல்லும் மேடையேறினர். அவ்வாண்டு வெளியான அவர்களது இசைத்தட்டிலே சாரா முதற்குரலிற் பாட, மேபெல் துணைநிற்க, ஏ. பி. பாடிவந்த கீழ்ச்சுரத்தை அவர் மகன் ஜோ பாடினார். பிரிஸ்டல் நகரத்துக்குக் கைக்குழந்தையாய்ச் சென்ற அதே பிள்ளைதான் அவர்! 1970இல் கண்ட்ரி இசைப் புகழ்மண்டபத்தில் இடம்பெற்ற முதற் குழு என்னும் பெருமையும் அவர்களுக்குக் கிடைத்தது.

1978 ஒக்டோபரில் மேபெல் மறைந்தார். மூன்று மாதங்கூட ஆகுமுன், 1979 ஜனவரி 8ஆம் திகதி சாராவும் கலிபோர்னியாவிற் கண்மூடினார். அவருடல் ஏழைப் பள்ளத்தாக்குக்கே கொண்டுவரப்பட்டு, ஏ. பி. உறங்கும் அதே இடுகாட்டிலே அடக்கஞ் செய்யப்பட்டது. தந்தைக்கு அளித்த வாக்கின்படி, ஜானெட் அம்மையார் 1974 முதல் அப்பள்ளத்தாக்கிலே சனிக்கிழமை மாலைகளிற் பாட்டுக் கச்சேரிகளை நடத்தலானார். மின்கருவிகளுக்கு அங்கு இடமில்லை என்பது அவர் வகுத்த விதி. 2006இல் தாம் மறையும்வரை அவர் அவ்வாக்கைக் காத்தார்.

தாயைப் பிரிந்து வளர்ந்த பிள்ளைகள் தாயின் பாட்டைப் பிரியவில்லை. இதனைக் காட்டிலும் சாரா அம்மையாரின் குரலுக்கு வேறு சான்று வேண்டுமோ? மேடையை அவர் நாடவில்லை. பெயரை அவர் கேட்கவில்லை. பாட்டின் கீழே எழுதப்படும் பெயரைக் காலம் மறக்கலாம். பாடிய குரலை மறப்பதில்லை. நம் வீடுகளிலும் அடுப்படியிலும் தொட்டிலடியிலும் பாடிய குரல்கள் எத்தனையோ இருந்திருக்கும். அவற்றுள் எவற்றை நாம் கேட்டு வைத்தோம், எவற்றைக் கேளாமலே போகவிட்டோம் என்று இந்த ஞாயிற்றுக்கிழமையில் ஒரு கணம் எண்ணிப் பார்ப்போமாக. இன்னும் பாடக்கூடிய பாட்டிமார் வீட்டில் இருப்பின், அவர்களருகே சென்று அமர்ந்து, ஒரு பாட்டைக் கேட்டு, பாடியவர் பெயரையும் அதன் கீழே எழுதி வைப்போமாக.